பாகும் பம்பும்

கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் மின்சாரப் பம்பைக் காணாத மாணவர் நம் நாட்டில் இரார். பொத்தானை அழுத்திய மறுகணமே வாய்க்காலில் நீர் பாய்ந்தோடக் காண்கிறோம். அதே பம்பைப் பெயர்த்தெடுத்துச் சென்று, ஒரு சர்க்கரை ஆலையின் கழிவுப்பாகுத் தொட்டியோடு இணைத்துவிட்டால் என்ன நிகழும்? மோட்டார் உறுமும், சூடேறும், மின்சாரம் செலவாகும். பாகு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும், அல்லது நூல் போல ஒழுகும். பம்பிலே பழுது ஒன்றும் இல்லை. நீருக்காகச் செய்யப்பட்ட கருவியைப் பாகுக்குப் பணியாற்றுமாறு ஏவியதே தவறு.

பாகு போன்ற கெட்டியான திரவங்கள் இன்றித் தொழில் உலகம் ஒரு நாளும் நடவாது. எந்திரங்களுக்கு இடும் மசகெண்ணெய், சுவருக்குப் பூசும் வண்ணம், சாலைக்கு இடும் தார், சோப்புக் குழம்பு, பழக்கூழ், பற்பசை, பீங்கான் தொழிலுக்கான களிமண் குழம்பு, கட்டடத்துக்கான கான்கிரீட்டுக் கலவை ஆகிய இவையனைத்தும் குழாய்களின் வழியே ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குத் தள்ளப்படுகின்றன. இவற்றுக்கு ஏற்ற பம்பை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதைப் பற்றியே இன்று உங்களோடு பேச எண்ணுகிறேன். பம்பை ஆராய்வதற்கு முன்னே திரவத்தை ஆராய வேண்டும் என்பதே நான் சொல்லப்போவதன் சாரம்.

ஒரு கிண்ணத்தில் நீரும், மற்றொரு கிண்ணத்தில் தேனும் எடுத்துக்கொண்டு, இரண்டையும் கரண்டியால் கலக்கிப் பாருங்கள். தேனைக் கலக்கக் கை வலிக்கிறது. ஏன்? திரவம் ஓடும்போது அதன் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்கின்றன. அவ்வாறு வழுக்கும்போது ஓர் அடுக்கு தன் அண்டை அடுக்கைப் பற்றி இழுக்கிறது. திரவத்தினுள்ளே எழும் இந்த உராய்வைத்தான் பாகுநிலை என்கிறோம். இதற்குரிய அடிப்படைக் கருத்தை நியூட்டன் 1687ஆம் ஆண்டில் வெளிவந்த தம் பெருநூலிலேயே கூறியிருக்கிறார்.

பாகுநிலையை அளக்க வழங்கும் அலகுகளுள் ஒன்று சென்டிபாய்ஸ். 20 பாகை சென்டிகிரேடு வெப்பநிலையில் நீரின் பாகுநிலை ஏறத்தாழ 1 சென்டிபாய்ஸ். அதே வெப்பநிலையில் விளக்கெண்ணெயின் பாகுநிலை ஏறத்தாழ 1,000. கிளிசரினுடையது ஏறத்தாழ 1,400. தேனுடையதோ பல ஆயிரம். இவ்வரிசையின் கோடியிலே கீல் இருக்கிறது. சம்மட்டியால் அடித்தால் கண்ணாடி போல உடையும் அப்பொருளும் உண்மையில் ஓடுகிறது! ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் 1927ஆம் ஆண்டில் தாமஸ் பார்னெல் என்னும் பேராசிரியர் ஒரு புனலில் கீலை இட்டு வைத்தார். அதன் ஒன்பதாவது சொட்டுப் பிரிந்தது 2014ஆம் ஆண்டில்!

இங்கே ஓர் ஐயத்தை அகற்றிவிட விரும்புகிறேன். கெட்டியான திரவம் என்றால் கனமான திரவம் என்று பலர் கருதுகின்றனர். இரண்டும் ஒன்றல்ல. பாதரசம் நீரைப்போல் 13 மடங்குக்கும் மேல் கனமுடையது. ஆயினும் அதன் பாகுநிலை நீரினுடையதைப் போல ஒன்றரை மடங்கே. விளக்கெண்ணெயோ நீரைவிட எடை குறைந்தது, நீரில் மிதப்பது. ஆனால் பாகுநிலையில் நீரைப்போல் ஆயிரம் மடங்கு. பம்பு வாங்குவோர் எடையை மட்டும் சொல்லிப் பாகுநிலையைச் சொல்லாது விட்டால் விற்பவர் என்ன செய்வார்? நீருக்கு உரியதைத்தான் கொடுப்பார்.

இனிப் பம்புகளைப் பார்ப்போம். வகைகள் பலவாயினும், குலங்கள் இரண்டே. முதற்குலம் வீசுவது; இரண்டாம் குலம் ஏந்திச் செல்வது.

கிணற்றடியில் நாம் காணும் மையவிலக்குப் பம்பு முதற்குலத்தைச் சேர்ந்தது. அதனுள்ளே இதழ்களையுடைய சக்கரம் ஒன்று நிமிடத்துக்கு 1,440 அல்லது 2,880 சுற்றுக்கு அண்மையான வேகத்தில் சுழல்கிறது. நடுவே புகும் நீரை அது விளிம்புக்கு வீசி எறிகிறது. வீசப்பட்ட நீரின் வேகமே பிறகு அழுத்தமாக மாறுகிறது. நீர் எளிதில் வேகம் பெறும். ஆதலால் இம்முறை நீருக்கு மிகப் பொருத்தம். கெட்டித் திரவமோ வேகம் பெற மறுக்கிறது. சக்கரத்தின் ஆற்றலெல்லாம் திரவத்தின் உள்ளுராய்விலே வெப்பமாகக் கழிந்துவிடுகிறது. பாகுநிலை சில நூறு சென்டிபாய்ஸைத் தாண்டினால், பெரும்பாலும் இவ்வகைப் பம்பைக் கைவிடுவதே சிக்கனம்.

இரண்டாம் குலத்துப் பம்புகள் திரவத்தை வீசுவதில்லை. சிறு அறையொன்றில் அதைச் சிறைப்பிடித்து, அப்படியே ஏந்திச் சென்று, மறுபுறம் தள்ளிவிடுகின்றன. ஊசி மருந்து ஏற்றும் பீச்சுகுழலை நினைத்துக்கொள்ளுங்கள். தண்டை எவ்வளவு தள்ளினோமோ அவ்வளவு மருந்து வெளியேறுகிறது. இப்பம்புகளுக்குக் கெட்டித்தன்மை ஒருவகையில் நன்மையும் செய்கிறது. பம்பின் பகுதிகளுக்கு இடையேயுள்ள நுண்ணிய இடைவெளிகளின் வழியே மெல்லிய திரவம் பின்னோக்கிக் கசியும். கெட்டித் திரவம் அவ்வாறு எளிதில் கசிவதில்லை.

ஒரே ஆலையில் இவ்விரு குலங்களையும் காண வேண்டுமானால் சர்க்கரை ஆலைக்குச் செல்லுங்கள். பிழிந்த கரும்புச்சாறு பெரும்பகுதியும் நீரே. அதற்கு மையவிலக்குப் பம்பு போதும். சாறு காய்ந்து பாகாகிறது. பாகு மேலும் காய்ந்து, சர்க்கரைப் படிகங்கள் தோன்றிப் பெருங்குழம்பாகிறது. அக்குழம்பைத் தள்ள, மிக மெதுவாகச் சுழலும் இரண்டாம் குலத்துப் பம்பே வேண்டும். இறுதியில் படிகங்களைப் பிரித்தெடுத்த பின் எஞ்சுவது கருநிறக் கழிவுப்பாகு. சாராய வடிப்பாலைக்கு மூலப்பொருளாகிய அதற்கும் இரண்டாம் குலமே துணை. ஆலைக்குள் நுழைந்த ஒரே சாறு, வெளியேறுமுன் பலமுறை பம்பு மாறுகிறது.

‘பம்பின் குலத்தை அறிந்துகொண்டோம், இனித் தக்க ஆற்றலுள்ள மோட்டாரை இணைத்தால் முடிந்தது’ என்று எண்ணிவிடாதீர்கள். உண்மையான இடர் பம்புக்கு முன்னே, உறிஞ்சு குழாயிலே காத்திருக்கிறது.

பம்பு திரவத்தை இழுக்கிறது என்று சொல்லுகிறோம். இது பேச்சு வழக்கே அன்றி உண்மையன்று. எந்தப் பம்பாலும் திரவத்தை இழுக்க முடியாது. பம்பு தன் வாயில் அழுத்தத்தைக் குறைக்கிறது. வெளியேயுள்ள காற்றுமண்டலம் திரவத்தின் மேற்பரப்பை அழுத்தி, அதைக் குழாய்க்குள் தள்ளுகிறது. இவ்வுண்மையை டாரிசெல்லி 1643ஆம் ஆண்டில் தம் பாதரசக் குழாயால் விளக்கினார். காற்றுமண்டலத்தின் வலிமைக்கும் ஓர் எல்லை உண்டு. நீரை அது ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்துக்கே தள்ளும். அந்த ஒரு காற்றுமண்டல அழுத்தம்தான் நம் கையிலுள்ள முதல். திரவத்தை உயர்த்துவதற்கும் உராய்வை வெல்வதற்கும் அதிலிருந்தே செலவு செய்தாக வேண்டும்.

இங்கே புவாசேய் என்னும் பிரெஞ்சு மருத்துவர் நமக்கு உதவுகிறார். இரத்தம் நுண்குழாய்களில் ஓடும் விதத்தை அறிய விரும்பிய இவர், 1840ஆம் ஆண்டை ஒட்டிப் பல சோதனைகள் செய்து ஒரு விதியைக் கண்டார். பாய்ஸ் என்னும் அலகு இவர் பெயரால் வழங்குவதே. சீராக ஓடும் திரவத்தைத் தள்ள வேண்டிய அழுத்தம், அதன் பாகுநிலைக்கும் குழாயின் நீளத்துக்கும் நேர் விகிதத்திலும், குழாய் விட்டத்தின் நான்காம் படிக்கு எதிர் விகிதத்திலும் இருக்கும் என்பது அவ்விதி. நான்காம் படி என்பதைக் கவனியுங்கள். விட்டத்தை இரு மடங்காக்கினால் உராய்வு பாதியாவதில்லை. பதினாறில் ஒரு பங்காகிவிடுகிறது!

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தரைத் தொட்டியிலிருந்து வினாடிக்கு 1 லிட்டர் விளக்கெண்ணெய் எடுக்க வேண்டும். உறிஞ்சு குழாயின் நீளம் 10 மீட்டர். உள்விட்டம் 5 சென்டிமீட்டர். பம்பு எண்ணெய் மட்டத்துக்கு மேலே 3 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. எண்ணெயின் வெப்பநிலை 20 பாகை. உயர்த்துவதற்கு ஏறத்தாழ 0.28 காற்றுமண்டல அழுத்தம் செலவாகிறது. உராய்வை வெல்ல 0.63. ஆகமொத்தம் 0.91. கையிருப்போ ஒன்றே. எஞ்சிய 0.09ஐக் கொண்டு பம்பின் வாயிலைக் கடந்து உள்ளறைகளை நிரப்பவும் வேண்டும். இப்பம்பு திணறித் திணறித்தான் ஓடும்.

அதே இடத்தில் ஒரு குளிர்காலக் காலையை நினையுங்கள். எண்ணெய் 10 பாகைக்குக் குளிர்ந்துவிட்டது. அதன் பாகுநிலை இப்போது ஏறத்தாழ 2,400. உராய்வுக்கு மட்டும் ஒன்றரைக் காற்றுமண்டல அழுத்தம் வேண்டும். காற்றுமண்டலமோ ஒன்றுதான் தரும். அவ்வழியே அவ்வளவு எண்ணெயை உறிஞ்ச உலகில் எந்தப் பம்பாலும் முடியாது. நூறு குதிரைத்திறன் மோட்டாரை இணைத்தாலும் முடியாது. ஆனால், 5 சென்டிமீட்டர்க் குழாயை எடுத்துவிட்டு 10 சென்டிமீட்டர்க் குழாயை இட்டால், அதே குளிரில் உராய்வுக்கு வேண்டுவது ஏறத்தாழ 0.1 காற்றுமண்டல அழுத்தமே. மோட்டார் செய்ய இயலாததைக் குழாய் செய்துவிட்டது!

நான் அறிந்த ஆலையொன்றில் இது கண்கூடாக நிகழ்ந்தது. கழிவுப்பாகைத் தள்ளும் பம்பு மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையில் நின்றுவிடும்; நண்பகலில் ஓடும். மேலாளர் இருமுறை மோட்டாரைப் பெரிதாக்கினார், பயனில்லை. அங்கே முதிர்ந்த பிட்டர் ஒருவர் இருந்தார். அவர் மேலாளரிடம், “ஐயா, வெயில் ஏறினால் பம்பு ஓடுகிறது. அப்படியானால் நோய் பம்பிலா இருக்கிறது? பாகில் அல்லவா இருக்கிறது?” என்றார். அவர் புவாசேயின் பெயரைக் கேட்டவரல்லர். ஆயினும் அவருடைய விதியைக் கண்ணால் கண்டவர். மேடைமேல் இருந்த பம்பைத் தொட்டியின் அடிமட்டத்துக்குக் கீழே ஒரு பள்ளத்தில் இறக்கினார்கள். வளைந்து வளைந்து சென்ற நீண்ட குழாயை நீக்கி, பருத்த குட்டைக் குழாயை இட்டார்கள். முன்பு கழற்றி வைத்த பழைய சிறு மோட்டாரே பிறகு போதுமானதாயிற்று.

அவர் வெயிலைப் பற்றிச் சொன்னது பொருள் பொதிந்தது. விளக்கெண்ணெயின் பாகுநிலை 20 பாகையில் ஏறத்தாழ 1,000 என்றேன். 30 பாகையில் அது ஏறத்தாழ 450; 40 பாகையில் 230. ஆகவே சில இடங்களில் பெரிய பம்பு வாங்குவதைவிடத் திரவத்தைச் சற்று வெதுவெதுப்பாக்குவது மேல். குழாயைச் சுற்றி நீராவிக் குழாய் அமைப்பதும், வெப்பம் வெளியேறாதவாறு உறையிடுவதும் இதற்காகவே. ஆனால் அளவு மீறலாகாது. மிகுந்த சூடு பாகைக் கருக்கிவிடும்.

வெப்பமும் பாகும் கொண்டுள்ள இவ்வுறவு உயிரோடு தொடர்புடையதுமாகும். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1919ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள், கழிவுப்பாகு நிரம்பிய பெரும் எஃகுத் தொட்டி வெடித்துத் திறந்தது. வலிமை குறைவாகக் கட்டப்பட்ட தொட்டி அது. 80 இலட்சம் லிட்டருக்கும் மேற்பட்ட பாகு தெருக்களில் அலையாகப் பாய்ந்தது. 21 பேர் மாண்டனர். ஏறக்குறைய 150 பேர் காயமுற்றனர். கப்பலிலிருந்து அண்மையில் இறக்கப்பட்ட பாகு வெளிக்காற்றைவிட வெதுவெதுப்பாக இருந்தது. வெளியே பரவிக் குளிர்ந்ததும் அது மேலும் கெட்டியாகி, அகப்பட்டவர்களைப் பற்றிக்கொண்டது. மீட்கச் சென்றோரின் கால்களையும் பிடித்தது. காலையில் ஓடும் பொருளே மாலையில் பிடிக்கும் பொருளாகலாம் என்பதைப் பொறியியலார் மறத்தலாகாது.

அடுத்தது வேகம். பம்பின் அறை திறந்ததும் அதை நிரப்பக் கெட்டித் திரவத்துக்குக் காலம் வேண்டும். அவசரப்பட்டால் அறை பாதி நிரம்பும், மீதி வெற்றிடமாகும். பம்பு கடகடவென்று அலறும்; உறுப்புகள் அரிக்கப்படும். ஆகவே கெட்டித் திரவத்துக்குப் பெரிய பம்பை வாங்கி மெதுவாக ஓட்ட வேண்டும். விலை குறைவு என்று சிறிய பம்பை வாங்கி விரைவாக ஓட்டுவோர், மிச்சம் பிடித்த பணத்தைப் பழுதுபார்ப்பதிலே இழப்பர்.

இரண்டாம் குலத்துக்குள் எந்த உறுப்பினரைத் தேர்வது? இதற்கும் திரவத்தையே கேட்க வேண்டும். மசகெண்ணெய் போலத் தூய்மையும் வழவழப்பும் உடையதா? பற்சக்கரப் பம்பு போதும். இரு பற்சக்கரங்கள் ஒன்றோடொன்று பொருந்திச் சுழல, பற்களின் இடைவெளியில் எண்ணெய் ஏந்திச் செல்லப்படுகிறது. கோள்களின் இயக்க விதிகளைக் கண்ட கெப்ளர் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, சுரங்க நீரை வெளியேற்ற இத்தகைய பம்பு ஒன்றை வகுத்தார் என்பது வியப்புக்குரியது. ஆனால் மணல் கலந்த திரவம் புகுந்தால் இதன் பற்கள் தேய்ந்துவிடும்.

பழத்துண்டுகள் மிதக்கும் கூழா? துண்டுகள் நசுங்கலாகாது. அதற்கு, ஒன்றையொன்று தொடாமலே சுழலும் இரு பருத்த மடல்களையுடைய பம்பு ஏற்றது. எளிதில் கழற்றிக் கழுவலாமாதலின் உணவுத் தொழிலில் இதற்கு மதிப்பு மிகுதி. சாக்கடைக் கசடா, களிமண் குழம்பா? ரெனே முவானோ என்னும் பிரெஞ்சுப் பொறியியலார் 1930ஆம் ஆண்டில் உரிமம் பெற்ற பம்பு அதற்கு உதவும். இரப்பர் உறைக்குள்ளே முறுக்கிய உலோகத் தண்டு ஒன்று சுழல, இடையிலுள்ள அறைகள் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகர்ந்துகொண்டே செல்கின்றன. திரவமின்றி வெறுமனே ஓட்டினால் மட்டும் இரப்பர் தீய்ந்துவிடும். உலோகத்தை அரிக்கும் கூர்மணல் குழம்பா? நம் உணவுக்குழல் உணவை வயிற்றுக்குள் தள்ளுவது போல, இரப்பர்க் குழாயை உருளையால் அழுத்தித் தள்ளும் பம்பு உண்டு. அதில் திரவம் படுவது குழாய் ஒன்றே. மாடிக்குக் கான்கிரீட்டைத் தள்ள வேண்டுமா? பேரழுத்தம் தரும் பிஸ்டன் பம்பே வேண்டும்.

சில திரவங்களுக்கு நிலையான குணம் கிடையாது. குப்பியைக் கவிழ்த்தால் தக்காளிச் சாறுக் குழம்பு வருவதில்லை. குலுக்கினால் குபுக்கென்று வருகிறது. கலக்கக் கலக்க இளகும் இத்தகைய பொருள்களுக்கு, ஓட்டத் தொடங்கும் வேளையில்தான் மிகுந்த வலிமை தேவை. மக்காச்சோள மாவை நீரில் கெட்டியாகக் கரைத்தாலோ நிலைமை நேர்மாறு. மெதுவாக விரலை விட்டால் இறங்குகிறது. ஓங்கிக் குத்தினால் கல்லாகிறது. அதை விரைந்தோடும் பம்பில் இட்டால் தண்டு முறியும். தயிர் வேறொரு வகை. ஒருமுறை கலங்கிவிட்டால் பழைய கட்டியாக மீள்வதே இல்லை. ஆகவே பாகுநிலைக்கு ஓர் எண்ணைக் கேட்டறிந்தால் போதாது. எந்த வெப்பத்தில், எந்த வேகத்தில் அளந்த எண் என்றும் கேட்டறிய வேண்டும்.

இறுதியாக, எக்காரணத்தாலும் விட்டுவிடக்கூடாத ஒன்று. மையவிலக்குப் பம்பு ஓடும்போது வெளியேற்று குழாயின் வால்வை மூடினால், அழுத்தம் ஓர் எல்லையில் நின்றுவிடும். சக்கரம் உள்ளிருக்கும் நீரையே கடைந்து சூடாக்கிக்கொண்டிருக்கும். இரண்டாம் குலத்துப் பம்புகள் பெரும்பாலும் அவ்வாறு அடங்கா. வழி அடைபட்டாலும் தள்ளிக்கொண்டே இருக்கும். அழுத்தம் ஏறும், ஏறும். மோட்டார் நிற்கும், அல்லது தண்டு முறியும், அல்லது குழாய் வெடிக்கும். சூடான தாரோ பாகோ மேலே பாய்ந்தால் அருகில் நிற்கும் தொழிலாளியின் கதி என்னாகும்? அதனால்தான் இத்தகைய பம்புகளுக்குக் காப்பு வால்வு அமைக்கிறார்கள். அழுத்தம் எல்லை மீறியதும் அது தானே திறந்து, திரவத்தைத் தொட்டிக்குத் திருப்பிவிடும். செலவைக் குறைக்கவென்று அதை நீக்குவது, ஒருவருடைய உயிரைப் பணயம் வைப்பதாகும்.

மாணவ மாணவியரே, உங்களுள் பலர் நாளை ஆலைகளில் பொறுப்பேற்பீர்கள். அங்கே பம்பு ஒன்று நின்றுவிட்டால், பெரிய மோட்டாரைத் தேடி ஓடுமுன் சில வினாக்களை எழுப்புங்கள். திரவம் எவ்வளவு கெட்டி? எந்த வெப்பத்தில்? கலக்கினால் மாறுமா? அதில் மணலோ துண்டுகளோ உண்டா? தொட்டிக்கும் பம்புக்கும் இடையேயுள்ள குழாய் குட்டையா, நெட்டையா, பருத்ததா, ஒடுங்கியதா? காப்பு வால்வு இருக்கிறதா? இவ்வளவுக்கும் விடை கிடைத்துவிட்டால், எந்தப் பம்பு வேண்டும் என்பது பெரும்பாலும் தானே விளங்கிவிடும். வகுப்பிலே கற்ற நான்காம் படியும், விடியற்காலைக் குளிரைக் கவனித்த ஒரு தொழிலாளியின் சொல்லும் அன்று ஒருங்கே உங்களுக்குத் துணை நிற்கட்டும்.